அரிசியா, சல்லியா? கல்முனைக் கரையின் அடுக்களைக் கணக்கு

நோன்புப் பெருநாளைக்குப் பிறை கண்ட இரவு எங்கட ஊர்களில ஒரு சின்ன வியாபாரம் நடக்கும். பின்னேரத்திலிருந்தே பித்ரா அரிசி பை பையாக ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேரும். ஒரு ஆளுக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. நாங்கள் ஷாபி மத்ஹப்காரர்கள். அந்த மத்ஹபின்படி பித்ராவை ஊரின் பிரதான உணவாகத்தான் கொடுக்க வேணும். எங்கட கரைக்கு அது அரிசி. இஷாத் தொழுகை முடிஞ்ச பிறகு அதே அரிசி, பல நேரம் அதே பையிலேயே, சந்திக் கடைக்குத் திரும்பி வரும். கடைக்காரர் கிலோவுக்குப் பத்து இருபது ரூபா குறைச்சு வாங்குவார். அரிசி கொண்டு வந்தவ அந்தச் சல்லிய வாங்கிக்கொண்டு நேரா உடுப்புக்கடைக்குப் போவா, இல்லாட்டி இறைச்சிக்கடைக்கு.

"பாருங்க, ஏழைக்குக் குடுத்த அரிசிய வித்துப்போட்டுப் போறாளுகள்" எண்டு ஆரோ ஒருவர் சொல்லுவார். நாங்களும் சின்ன வயசில அதைக் கேட்டுச் சிரிச்சிருக்கிறம். இப்ப யோசிச்சா வெட்கமா இருக்கு. வீட்டில ஏற்கனவே முப்பது கிலோ அரிசி வந்து குவிஞ்சு கிடக்கு, புள்ளைக்குப் பெருநாள் சட்டை இல்ல. அவ என்ன செய்யணும்?

அந்த உம்மா செய்தது ஒரு மாற்றீடு. கையில இருக்கிற உதவியை, தனக்குத் தேவையான உதவியாக மாத்தினா. மாத்துவதற்கு அவ கொடுத்த விலைதான் அந்தப் பத்து இருபது ரூபா. ஹனபி மத்ஹபில் பித்ராவின் பெறுமதியைக் காசாகக் கொடுக்கவும் இடமுண்டு. ஆக "ஏழைக்குப் பொருளைக் குடுக்கிறதா, காசைக் குடுக்கிறதா" என்பது நேற்று வந்த கேள்வி இல்லை. நூற்றாண்டுகளாக இமாம்கள் பேசிய கேள்வி. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கட வேலையல்ல. அதே கேள்வியை இலங்கை அரசாங்கங்கள் எண்பது வருடமாக எப்படிக் கையாண்டன, ஒவ்வொரு முறையும் எங்கட கரையின் அடுக்களைகளில் என்ன மாறியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பெரியநீலாவணை தொடக்கம் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகிற கரை இது. அரசியலில் எத்தனை பிரிவு இருந்தாலும், கூப்பன் கடை வரிசையில் நின்றவர்களின் கதை ரெண்டு பக்கமும் ஒன்றுதான்.

கூப்பன் காலம்

1942-ல், இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, இலங்கையில் உணவுப் பங்கீடு தொடங்கியது. பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. ஒவ்வொருவருக்கும் கூப்பன் புத்தகம் கொடுக்கப்பட்டது. நாடு முழுக்கக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் முளைத்தன. எங்கட மூத்தம்மாமார் இண்டைக்கும் "சங்கக்கடை", "கூப்பன் கடை" எண்டு சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம்.

போர் முடிந்தும் கூப்பன் போகவில்லை. பணக்காரன், ஏழை எண்ட வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் மலிவு விலை அரிசி. 1953-ல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 அன்று நாடு ஹர்த்தாலில் எழுந்தது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். இலங்கையில் ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய முதல் மக்கள் எழுச்சி அரிசி விலைக்காக நடந்தது என்பதை எங்கட தலைமுறை மறந்துபோச்சு. 2022-ல் காலிமுகத்திடலைப் பார்த்தவர்கள் அதையும் ஒருக்கா நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே டட்லி திரும்பி வந்து 1966-ல் பங்கீட்டை ரெண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்தார். ஆனால் அந்த ஒரு கொத்து இலவசம். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க ரெண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். அதிலிருந்து ஏழெட்டு வருடம் இலங்கையின் அரசியல் மொழியே கொத்தால் அளக்கப்பட்டது.

கூப்பன் அரிசியில் நல்லது என்ன? விலை ஏறினாலும் அளவு மாறாது. சந்தையில் அரிசி எந்த விலைக்குப் போனாலும் கூப்பனுக்கு ஒரு கொத்து ஒரு கொத்துத்தான். விலைவாசி என்ற பிசாசிலிருந்து அடுக்களையைக் காப்பாற்றிய சுவர் அது. கெட்டது என்ன? சங்கக்கடை தருவதைத்தான் தின்ன வேணும். வயல் பார்த்து வளர்ந்த எங்கட ஆக்களுக்குப் புழுங்கல் அரிசியின் நிறத்தையும் மணத்தையும் தொட்டுப் பார்த்தே சொல்லத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் எங்கேயோ இருந்து கப்பலில் வந்த பழைய அரிசியை வரிசையில் நின்று வாங்கினார்கள். அதிலும் கொஞ்சம் விற்கப்பட்டது. பிறை இரவு வியாபாரம் அப்பவே இருந்தது.

முத்திரை: எண் மாறவில்லை, விலை மாறியது

1977-ல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தார். திறந்த பொருளாதாரம் வந்தது. 1978-ல் பங்கீட்டு அரிசி மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979 செப்டம்பரில் அரிசியே போய் உணவு முத்திரை வந்தது. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் முத்திரைக்குத் தகுதி பெற்றார்கள்.

முத்திரை முழுக்கக் காசும் இல்லை, முழுக்கப் பொருளும் இல்லை. அதில் ஒரு ரூபாத் தொகை அச்சடிச்சிருக்கும். சங்கக்கடையிலோ அனுமதி பெற்ற கடையிலோ கொடுத்து அரிசி, மா, சீனி, பருப்பு மாதிரி சாமான் எடுக்கலாம். எதை எவ்வளவு எடுப்பது என்று வீட்டுப் பொம்பிளை கொஞ்சம் தீர்மானிக்கலாம். அந்த அளவில் கூப்பனைவிட ஒரு படி சுதந்திரம்.

ஆனால் அச்சடித்த தொகை அப்படியே நின்றது. விலை நிற்கவில்லை. 80களின் தொடக்கத்தில் இலங்கையில் விலைவாசி பாய்ந்து ஏறியது. சில வருடங்களிலேயே முத்திரையின் உண்மைப் பெறுமதி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. புதிதாக வறுமைக்குள் விழுந்தவர்களுக்கும் இடமில்லை, ஏனென்றால் 1980-ல் பட்டியலில் புதுப் பெயர் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்து உணவு ஆய்வுகளைப் பார்த்தால், நாட்டின் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கு மக்கள் உண்ட கலோரி அளவு 1978/79-க்கும் 1981/82-க்கும் இடையில் குறைந்திருக்கிறது. பொருளாதாரம் வளர்ந்த வருடங்கள் அவை. வளர்ச்சி வீதம் பத்திரிகையில் ஏறியது, சோற்றுப்பானை அடுப்பில் இறங்கியது.

காசு உதவியைப் பற்றி யார் பேசினாலும் நாங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து வருகிறது. தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா? ஏறாது எண்டால், அரசாங்கம் ஒரு சட்டமும் போடாமல், ஒரு அறிவிப்பும் விடாமல், ஒவ்வொரு மாதமும் உதவியைக் குறைத்துக்கொண்டே இருக்கலாம். ஹர்த்தால் ஒன்றும் நடக்காது. 1953-ல் 25 சதம் 70 சதமானதை எல்லாரும் பார்த்தார்கள். முத்திரை தேய்ந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஜனசவிய: நம்பாத கை

1989-ல் ரணசிங்க பிரேமதாச ஜனசவியவைத் தொடங்கினார். தேர்ந்தெடுத்த ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதம். அந்தக் காலத்துக்கு இது மிகப் பெரிய தொகை. வறுமைக் கோடாக வைத்ததே மாதம் 700 ரூபா வருமானம்தான். ஆனால் 2,500-ம் கையில வராது. 1,458 ரூபாவுக்குச் சங்கக்கடையில் பொருள் எடுக்கலாம். மிச்சம் 1,042 ரூபா குடும்பத்தின் பெயரில் சேமிப்பாக ஒதுக்கப்படும். ரெண்டு வருடத்தில் அது 25,000 ரூபா, தொழில் தொடங்குவதற்கான முதல். பதிலுக்குக் குடும்பத்தினர் உழைப்புத் தர வேண்டும்.

யோசனை பெரியது. "ரெண்டு வருடத்தில் வறுமையை விட்டு வெளியே வா" என்று ஒரு குடும்பத்திடம் சொல்வது. ஆனால் கரையோரத்தில் அந்த ரெண்டு வருடம் எந்த ரெண்டு வருடம் என்று யோசித்துப் பாருங்கள். 1990 ஜூனில் கிழக்கில் போர் மீண்டும் மூண்டது. முஸ்லிம் ஊர்களின் வயல்கள் மேற்கே, ஊரைவிட்டுத் தள்ளி. அங்கே போக முடியாமல் எத்தனை போகம் தரிசாகக் கிடந்தது. தமிழ் ஊர்களில் ஆம்பிளைகள் வீட்டை விட்டு வெளியே போகவே பயந்த காலம். கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, தடை. தொழில் செய்யும் பாதை எல்லாம் அடைபட்ட இடத்தில், தொழிலுக்கு முதல் கொடுத்து என்ன பயன்? காசு ஒரு விதை மாதிரி. நிலமும் தண்ணியும் இருக்கிற இடத்தில்தான் முளைக்கும்.

இன்னொரு விஷயம். காசில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்து வைப்பதன் உள்ளே ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. "உன்னட்ட முழுக்கத் தந்தா நீ அழிச்சுப்போடுவாய்." அந்தச் சந்தேகம் ஜனசவியவோடு முடியவில்லை. 1995-ல் சந்திரிகா குமாரதுங்க அரசாங்கம் கொண்டுவந்த சமுர்த்தியிலும் அது தொடர்ந்தது. கட்டாயச் சேமிப்புக்கும் காப்புறுதிக்கும் கழித்த பிறகுதான் மிச்சம் கைக்கு வரும். 2015-ல் உயர்த்திய பிறகும் பெரிய குடும்பம் ஒன்றுக்கு உச்சத் தொகை 3,500 ரூபா. அதைவிட முக்கியமாக, யாருக்கு முத்திரை கிடைக்கும் என்பது வறுமையை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. எந்தக் கட்சி, யாருடைய ஆள் என்பதும் கணக்கில் வந்தது. ஒரே ஒழுங்கையில் கடை வைத்திருப்பவருக்கு முத்திரை, கைம்பெண்ணுக்கு இல்லை என்ற கதையைக் கேட்காத ஊர் இந்தக் கரையில் இருக்கா?

கடல் வந்த பிறகு

2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை. 10,000-க்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலை ஒட்டிய ஒழுங்கைகள் அப்படியே இல்லாமல் போயின. எங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. ஆனால் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

முதல் நாட்களில் உதவி பொருளாக வந்தது. அது வேணும்தான். கடையே இல்லாத இடத்தில் காசை வைத்து என்ன செய்வது? அன்று சமைத்த சோற்றுப் பார்சலோடு வந்த பக்கத்து ஊர்க்காரர்களை, சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து, எங்கட பெரியவங்க இண்டைக்கும் துஆவோடு நினைக்கிறார்கள். ஆனால் கிழமைகள் போகப் போக வந்த பொருளைப் பற்றிய கதைகள் வேற. இந்தச் சூட்டுக்குக் கம்பளிச் சட்டை. தின்னத் தெரியாத டின் சாப்பாடு. கடலுக்குப் போகாத வீட்டுக்கும் தோணி, கடல்காரனுக்குக் கடல் தாங்காத தோணி.

அரசாங்கம் காசும் கொடுத்தது. இறந்தவர் ஒருவருக்கு ஈமக் கிரியைச் செலவாக 15,000 ரூபா. சட்டி பானை வாங்க 2,500 ரூபா. ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாப் பெறுமதியான நிவாரணம், அதில் 200 ரூபா காசு, 175 ரூபாவுக்கு உலர் உணவு. குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாக் கொடுப்பனவும் வந்தது, சில மாதங்கள்தான் என்றாலும்.

அந்த 2,500 ரூபாவைப் பற்றி ஒரு சாச்சி எங்களிடம் சொன்னது மனசில நிக்குது. "முகாமில எல்லாரும் ஒரே மாதிரிச் சட்டிதான் வச்சிருந்தம். சல்லி கிடைச்சதும் நான் கல்முனைச் சந்தைக்குப் போய் எனக்குப் புடிச்ச சட்டிய எடுத்தன். அண்டைக்குத்தான் நான் திரும்ப ஒரு வீட்டுக்காரி எண்டு நினைச்சன்."

2005-ன் இறுதியில் உலக உணவுத் திட்டம் இலங்கையில் ஒரு பரிசோதனை செய்தது. சுனாமி பாதித்த கிழக்கு, தெற்குக் கரைகளில் சில குடும்பங்களுக்கு வழக்கமான உணவுப் பொதி. வேறு சில குடும்பங்களுக்கு அதற்குப் பதிலாக ஆளுக்குக் கிழமைக்கு 200 ரூபா. மூன்று மாதம் நடந்தது. பிறகு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். காசு வாங்கிய குடும்பங்கள் அரிசியும் கோதுமை மாவும் கொஞ்சம் குறைவாகவே வாங்கியிருந்தார்கள். பதிலுக்கு இறைச்சி, பால் சாமான் என்று சாப்பாட்டில் வகை கூடியிருந்தது. உணவு என்றாலே அரிசி மூட்டை என்று பழகிப்போன அமைப்பு ஒன்றுக்கு, உலகம் முழுக்கக் காசு உதவியை நோக்கித் திரும்பிய காலத்தின் தொடக்கப் பாடங்களில் ஒன்று எங்கட கடற்கரைகளில் கிடைத்தது.

இதில் ரெண்டு பக்கமும் இருக்கு. மிக ஏழையான வீட்டில் அரிசி குறைவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மூன்று நேரமும் சோறும் மாவும் தின்று வளரும் புள்ளைக்கு ஒரு முட்டை, ஒரு கோப்பை பால் கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. எது முக்கியம் என்று அந்த உம்மா தீர்மானித்தா.

ஆனால் எல்லா உம்மாக்களும் தீர்மானிக்கவில்லை. நிவாரணக் காசும் வீட்டுத் திட்டமும் "குடும்பத் தலைவர்" பெயருக்கு வந்தன. குடும்பத் தலைவர் என்றால் படிவத்தில் புருஷன். எங்கட கரையின் வழக்கம் அதற்கு நேர் எதிர். இங்கே வீடு மகளுக்கு. கல்யாணம் முடிச்சு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முஸ்லிம் ஊரிலும் தமிழ் ஊரிலும் அதுதான் நடைமுறை. கடல் கொண்டுபோன வீடு உம்மாவின் பெயரில் இருந்தது, பதிலுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டின் பத்திரம் வாப்பாவின் பெயரில் வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டன. சல்லி நடுநிலையானது இல்லை. யாருடைய கையில் கொடுக்கிறீர்கள் என்பதில் ஒரு வீட்டின் அதிகாரமே இடம் மாறும்.

பொருளாகக் கொடுப்பதன் உச்ச உதாரணமும் எங்களிடம்தான் இருக்கு. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வது என்பது இன அரசியலாகி, உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் வருடக்கணக்காக ஆளில்லாமல் காடு பத்திக் கிடந்தன. காசாகக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. காணி இல்லாதவனுக்குக் காசு மட்டும் வீடாகாது. 200 மீற்றர் தடை வலயம் போட்டு, கடலோரத்தில் திரும்பக் கட்டாதே என்று சொன்ன பிறகு, காணி நெருக்கடி உள்ள இந்தக் கரையில் எங்கே போய்க் கட்டுவது? ஆனால் 500 சாவி ஒரே இடத்தில் இருந்தபடியால், ஒரே பூட்டில் எல்லாம் அடைபட்டது என்பது உண்மை.

எழுதாத காசு

அரசாங்கக் கணக்கில் வராத காசு ஒன்றும் இந்த வரலாற்றில் இருக்கு. 70களின் இறுதியிலிருந்து எங்கட ராத்தாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். மாதா மாதம் வீட்டுக்கு நேரே வந்த காசு. நிபந்தனை இல்லை, படிவம் இல்லை. ஓலை வீடு கல்வீடானது, தங்கச்சிக்குச் சீதன வீடு எழும்பியது. அதற்கு விலையாக உம்மா இல்லாமல் வளர்ந்த புள்ளைகள் எங்களிலேயே இருக்கிறார்கள். அரசாங்கம் கொடுக்க வேண்டிய பாதுகாப்பை ஒரு பெண் தன் இளமையைக் கொடுத்து வாங்கினா.

இன்னொரு காசும் வந்தது, உதவி என்ற பெயரில். போர் முடிந்த பிறகு நுண்கடன் கம்பெனிகள் கிழக்கில் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தன. கிழமைத் தவணை. மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கும் ஆள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018-ல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. ஏழைக்குச் சும்மா காசு கொடுத்தால் கெட்டுப்போவான் என்று சொன்ன அதே உலகம், வட்டிக்குக் காசு கொடுத்தால் முன்னேறுவான் என்று நம்பியது. திருப்பிக் கேட்காத காசுக்கும் கேட்கும் காசுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசலில் நின்றவர் யார் என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அஸ்வெசும: 22 கேள்விகள்

2022-ல் நாடு விழுந்தது. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமை 2021-ல் 13.1 வீதமாக இருந்து 2022-ல் 25 வீதமானது. சமுர்த்தியின் சில ஆயிரம் ரூபா அந்தப் புயலில் ஒரு குடை அளவுக்கும் காணாது.

2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. நான்கு படி: இடைநிலையினருக்கு 2,500 ரூபா, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, ஏழைகளுக்கு 8,500, மிக ஏழைகளுக்கு 15,000. மொத்தம் 20 இலட்சம் குடும்பங்கள் இலக்கு. காசு நேரே வங்கிக் கணக்குக்கு. கட்டாயச் சேமிப்பு இல்லை, சங்கக்கடை இல்லை. எண்பது வருடத்தில் முதல் தடவையாக அரசாங்கம் இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு நேரடியாக, முழுக்கக் காசாகக் கொடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து கீழ் ரெண்டு படிகளின் தொகை 10,000, 17,500 என்று உயர்த்தப்பட்டது.

தேர்வு செய்ய 22 குறிகாட்டிகள். வீட்டுக் கூரை எது, மின்சாரம் எத்தனை அலகு, வாகனம் இருக்கா, ஆர் படிச்சிருக்கு. கட்சிக்காரனின் பட்டியலைவிட இது நியாயமானது என்று நம்பத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் முதல் பட்டியல் வந்ததும் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் முன்னால் பெண்கள் நின்றார்கள். ஏன் என்று எங்கட கரையில் இருந்து பார்த்தால் விளங்கும். ஓடு போட்ட வீடு, ஆனால் அது சுனாமிக்குப் பிறகு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. வாசலில் ஆட்டோ, ஆனால் அது லீசிங்கில் ஓடுது. குளிர்சாதனப் பெட்டி, ஆனால் உம்மா குவைத்தில் இருந்தபோது வாங்கினது, இப்ப உள்ளே தண்ணிப் போத்தல் மட்டும்தான். ஒரு வீட்டின் பொருள்கள் அதன் நேற்றைச் சொல்லும். பசி இன்றைக்குரியது. கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கிடைத்த வீடுகளில் என்ன மாறியது? நாங்கள் எங்கட ஒழுங்கைகளில் பார்த்ததைச் சொல்கிறோம். முதல் மாறுவது கடைக் கொப்பி. மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் எடுக்கிற வீட்டில், கொப்பியின் பழைய பக்கம் ஒருக்கா வெட்டப்படுகிறது. கடன் இருக்கிறவள் விலை கேட்க மாட்டா, கடைக்காரர் தருவதை எடுப்பா. கையில காசு இருக்கிறவள் "இந்தப் பருப்பு வேணாம், மற்றதைத் தாங்க" எண்டு சொல்லுவா. ரெண்டாவது, ரியூசன் காசு. ஓ/எல் வருசத்தில் நிறுத்திய பாடத்துக்குப் புள்ளை திரும்பப் போகுது. மூன்றாவது, மருந்து. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் டொக்டரைக் காட்டுவது இலவசம்தான், ஆனால் வெளியே வாங்கச் சொன்ன மருந்தின் துண்டு எத்தனை வீட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் மடிச்சு வச்சபடி கிடந்திருக்கும்? நான்காவது, கண்ணுக்குத் தெரியாதது. ஒரு திகதி. இந்த மாதம் இந்தத் திகதிக்குக் காசு வரும் என்ற நிச்சயம். நாட்கூலி வீட்டுக்கு நாளைக்கு என்று ஒன்று இருப்பதே அந்தத் திகதியால்தான்.

"சும்மா காசு கிடைச்சா வேலைக்குப் போக மாட்டாங்க, குடிச்சு அழிப்பாங்க" என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கு. உலகம் இதை நிறையச் சோதித்துப் பார்த்துவிட்டது. மெக்சிகோ 1997-லிலும் பிரேசில் 2003-லிலும் தாய்மாரின் கையில் காசு கொடுக்கும் பெரிய திட்டங்களைத் தொடங்கின. கென்யாவில் கிவ் டைரக்ட்லி என்ற அமைப்பு நிபந்தனையே இல்லாமல் ஏழைகளின் கைபேசிக்குக் காசு அனுப்பியது, அவர்கள் அதில் கூரைத் தகடும் மாடும் வாங்கினார்கள். பல நாடுகளின் 19 ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, காசு கிடைத்ததால் குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபா போடுகிறது. அதன் பெயரை ஒருக்கா கவனியுங்கள். உதவித் தொகை இல்லை, உரிமைத் தொகை. அஸ்வெசும என்றால் சிங்களத்தில் ஆறுதல், ஆதரவு. ரெண்டு பெயருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நாங்கள் இன்னும் நடக்க வேண்டிய தூரம்.

போதுமா?

போதாது. ஒரு ஆள் மாதம் உயிர் வாழத் தேவை என்று அரசாங்கமே போட்ட வறுமைக் கோடு 2023-ல் 15,000 ரூபாவுக்கும் மேல். அஞ்சு பேர் உள்ள மிக ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது மொத்தமே 15,000. ஆளுக்கு 3,000. தேவையில் ஐந்தில் ஒன்று. முத்திரைக்கு நடந்ததுபோல விலை ஏறி இதுவும் தேயத் தொடங்கினால், இன்னும் சில வருடத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட 1980களைப் பார்த்தால் போதும்.

காசு பள்ளிக்கூடமாகாது, ஆஸ்பத்திரியாகாது, வயலுக்கு வாய்க்கால் வெட்டாது. 1945-லிருந்து இருக்கும் இலவசக் கல்வியை, இலவச வைத்தியத்தைச் சுருக்கிக்கொண்டு "அதுதான் காசு தாறமே" எண்டு ஒரு அரசாங்கம் சொன்னால் அது ஏமாற்று. ரெண்டும் வேணும். கொத்து அரிசியின் உறுதியும் வேணும், சல்லியின் சுதந்திரமும் வேணும். அதாவது விலைவாசியோடு சேர்ந்து ஏறும் தொகை, பெண்ணின் பெயரில் வரும் கணக்கு, வருடத்துக்கு வருடம் திறந்திருக்கும் பட்டியல். இந்த மூன்றும் எண்பது வருடப் பிழைகளில் இருந்து படித்த பாடம்.

எங்கட பள்ளிகளை அண்டி நடக்கும் ஸகாத் நிதியங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. ஸகாத்தை வருடத்துக்கு ஒருக்கா வாசலில் நிற்கிறவர்களுக்கு நூறு இருநூறாகப் பகிர்ந்த காலத்திலிருந்து, ஒன்றாகச் சேர்த்துத் தையல் மெசினும் தோணியும் வீடும் கொடுக்கும் காலத்துக்கு வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் தையல் மெசின் வேணுமா என்று அந்த ராத்தாவிடம் யாராவது கேட்டார்களா? கொடுக்கும் மெசின் ரெண்டு மாதத்தில் பாதி விலைக்குப் போனால், குற்றம் அவவில் தேட முன்னம் எங்கட கூட்ட அறிக்கையில் தேட வேணும். அவட கடன் அடைஞ்சால்தான் அவ தைக்கத் தொடங்குவா என்றால், முதலில் கடன் அடைக்கச் சல்லியைக் கொடுப்பதுதான் தொழில் உதவி.

வாற பெருநாளைக்கும் பித்ரா அரிசி வரும். நாங்களும் அளந்து கொண்டுபோய்க் கொடுப்பம். அன்று இரவு ஆரும் ஒரு பையைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு கடைக்குப் போவதைக் கண்டால், தயவுசெய்து சிரிக்காதீங்க. எண்பது வருடமாக அரசாங்கங்கள் போட்டுப் போட்டுப் பிழைத்த ஒரு கணக்கை, அவ பத்து நிமிசத்தில சரியாகப் போட்டு முடிச்சிட்டா. கடைக்காரருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அண்டைக்கு ஒரு நாளாவது, கிலோவுக்கு அந்தப் பத்து இருபது ரூபாவக் குறைக்காதீங்க.